மீனாட்சியா, கயல்விழியா, வெறும் கயலா?

பெண் குழந்தை பிறந்த வீட்டில் பெயர்ப் பேச்சு தொடங்கினால் இந்த மூன்றும் எப்படியாவது ஒரே தாளில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. அப்பத்தா தரப்பு மீனாட்சி. மேடைத் தமிழ் கேட்டு வளர்ந்த பெரியப்பா தரப்பு கயல்விழி. பெற்றவர்களுக்கோ "மூணு எழுத்துல முடிஞ்சிடணும்", ஆகவே கயல். மூன்றுக்கும் அடியில் இருப்பது மீன்தான். வந்த வழிதான் வேறு.

மீனாட்சிக்குப் பின்னால் ஓர் ஊரே நிற்கிறது. திருவிளையாடற் புராணப்படி, மலயத்துவச பாண்டியனும் காஞ்சனமாலையும் செய்த வேள்வித் தீயில் தோன்றிய குழந்தையின் பெயர் தடாதகை. அவள் முடிசூடி, திக்கெல்லாம் படை நடத்தி வென்று, கயிலையில் சிவனைக் கண்ட பிறகுதான் கல்யாணம். மதுரைச் சித்திரைத் திருவிழாவிலும் பட்டாபிஷேகம், திக்விஜயம், அப்புறம்தான் திருக்கல்யாணம். வீட்டில் ஆட்சி மனைவி கையிலா, கணவன் கையிலா என்பதை, "உங்க வீட்டுல மதுரையா, சிதம்பரமா?" என்று புதுமாப்பிள்ளையிடம் கேட்டுச் சீண்டுவது இதை வைத்துத்தான். மீன் தன் முட்டைகளைப் பார்வையாலேயே பொரிப்பதுபோல அம்மன் பார்வையாலேயே காப்பாள் என்று கதை சொல்வோர் ஒரு விளக்கம் தருவார்கள். விலங்கியல் ஆசிரியர் ஒப்புக்கொள்ள மாட்டார், கேட்க நன்றாக இருக்கும்.

மதுரை நாயக்கர் ஆட்சியின் கடைசிக் கட்டத்தில், 1730-களில், அரியணையில் இருந்தவளும் ஒரு மீனாட்சி. ஆண்களையும் இந்தப் பெயர் விட்டுவைக்கவில்லை. உ.வே.சாமிநாதையரின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. செட்டிநாட்டில் சுருங்கி மீனாள். இப்படி ஓகோவென்று இருந்த பெயர் இன்று தமிழ்நாட்டில் பாட்டிகளின் பெயராகிவிட்டது. மதுரைப் பக்கத்திலேயே எல்.கே.ஜி. வகுப்பில் மீனாட்சி என்று கூப்பிட்டால் ஒரு கை தூக்குவது அபூர்வம். எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போனால் அது இன்னும் சின்னப் பெண்களின் பெயர். தெய்வப் பெயர் என்பதால் பழசாகிவிட்டது என்று சொல்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? பாட்டிக்கு இருந்த பெயர், அதுதான் இங்கே அதன் ஒரே குற்றம்.

அடுத்து கயல்விழி. இதை "மீனாட்சியின் தனித்தமிழ் மொழிபெயர்ப்பு" என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மொழிபெயர்த்த பெயர் எப்படி இருக்கும் என்பதற்கு மறைமலையடிகள் வீடே சாட்சி. 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். மகன் ஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆனார், மகள் திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆனார். கொள்கையை மதிக்கலாம், ஆனால் அதற்குப் பின் எத்தனை பேர் தொட்டிலில் கிடந்த குழந்தையை முந்நகரழகி என்று கொஞ்சினார்கள்?

கயல்விழி அந்த வகை அல்ல. பெண்ணின் கண்ணைக் கயலாகப் பார்ப்பது சங்கப் பாட்டிலேயே உண்டு. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் "கயலெழுதி வில்லெழுதிக் காரெழுதி" என்று ஒரு முகத்தையே வரைகிறான் கோவலன்: கண்ணுக்குக் கயல், புருவத்துக்கு வில், கூந்தலுக்கு மேகம். ஆகவே பெயராக வந்தபோது காதுக்கு அது புதிதாகவே இல்லை. திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும் ராமையா அன்பழகனாகவும் மாறிய காலத்தையொட்டிப் பெண் குழந்தைகளுக்கு மொழியிலும் விழியிலும் முடியும் பெயர்கள் வரிசைகட்டின: தேன்மொழி, கனிமொழி, மலர்விழி, கயல்விழி. கட்சிக்காரர் வீட்டில் தொடங்கியது கட்சி இல்லாத வீடுகளுக்கும் போயிற்று. 2021-இல் அமைந்த தமிழக அமைச்சரவையிலும் ஒரு கயல்விழி இருந்தார். ஒரு வேடிக்கை: கயல் என்பதற்கு அகராதி சொல்லும் பொருள் கெண்டை. மீன் கடையில் யாரும் கயல் கேட்பதில்லை, தொட்டிலில் யாரும் கெண்டைவிழி என்று வைப்பதும் இல்லை.

இந்தப் போட்டியில் சேராமல் ஓரமாக நிற்கிறாள் அங்கயற்கண்ணி, மதுரை அம்மனுக்கே உள்ள இன்னொரு பெயர். ஏழாம் நூற்றாண்டிலேயே "அங்கயற்கண்ணி தன்னொடும் அமர்ந்த ஆலவாய்" என்று சம்பந்தர் பாடிய பெயர். மூன்றையும்விட அழகு இதுதான் என்பேன். ஆனால் வங்கிப் படிவத்தின் கட்டங்களில் ஆங்கிலத்தில் நிரப்பப் போவது அந்தப் பிள்ளைதான்.

கயல் மட்டும் தனிப்பெயராக நின்றது சமீபத்தில்தான். கயல்விழியை வீட்டில் கூப்பிடும் சுருக்கமாக இருந்தது, 2014-இல் அதே பெயரில் சினிமா, 2021 முதல் சன் டிவியில் அதே பெயரில் நெடுந்தொடர் என்று தானே காலூன்றிவிட்டது. கூப்பிட இதைவிடச் சுலபமான பெயர் இல்லை. ஆனால் கண்ணைக் கழற்றிவிட்டு மீனை மட்டும் பிடித்துக்கொண்டது போல எனக்கு ஒரு குறை. போதாததற்கு, சீரியல் பெயர் சீரியலோடு வயதாகும். இருபது வருடம் கழித்து "நீ அந்த வருஷத்துப் பிள்ளையா?" என்று பெயரைக் கேட்டதுமே சொல்லிவிடுவார்கள்.

ஜாதகப்படி வைக்கும் வீடுகளில் பாதி முடிவு முன்பே ஆகிவிடும். மக நட்சத்திரத்துக்கான முதலெழுத்துகளில் 'மீ' உண்டு, மீனாட்சிக்கு யோகம்தான். மாமியார் பெயரே மீனாட்சி என்றால் இன்னொரு சிக்கல். அந்தப் பெயரைச் சொல்லிப் பிள்ளையை அதட்ட மருமகளுக்கு வாய் வராது, கடைசியில் பாப்பா என்றே பள்ளிக்கூடம் வரை ஓடும்.

என் ஓட்டு: சான்றிதழில் கயல்விழி, வீட்டில் கயல். நீளத்தைச் சுருக்கிக் கூப்பிடலாம், கயல் என்று மட்டும் பதிந்துவிட்டுப் பிறகு நீட்ட வேண்டுமானால் அரசிதழ் வரை அலைய வேண்டும். டெல்லி, மும்பை என்று வளரப்போகும் பிள்ளையானால் மீனாட்சிக்கே போங்கள். அங்கே அதை எல்லோரும் சரியாகச் சொல்வார்கள், கயல்விழியின் 'ழ' அங்கே 'ஜி'யாகவோ 'சி'யாகவோதான் திரும்பி வரும். எந்த ஊரானாலும் 'ழ'வுக்கு ஆங்கிலத்தில் இசட்-எச் போடுவதா, எல் போடுவதா என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் இன்னொன்று என்று போனால் திருத்த அலையப் போவது நீங்கள்தான். அவசரம் வேண்டாம், பிறப்பைப் பெயரில்லாமலே பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்.