உப்புக் காற்றில் பேஸ் கிட்டார்: தங்கச்சிமடத்திலிருந்து ஒரு நீண்ட கால அனுபவம்

பேஸ் கிட்டார் வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று கேட்டு வரும் தம்பிகளிடம் நான் முதலில் கேட்பது, எங்கே வாசிக்கப் போகிறாய் என்பதைத்தான். சென்னையில் ஏசி அறைக்குள் வாசிப்பவருக்கும், பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வாசிப்பவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. நாம் படிக்கிற விமர்சனங்கள் பெரும்பாலும் கருவியை வாங்கிய முதல் வாரத்தில் எழுதப்பட்டவை. என்ன மரம், ஒலி எப்படி, பார்வைக்கு எப்படி என்றெல்லாம் இருக்கும். மூன்றாவது மழைக்காலம் தாண்டிய பிறகு அந்தக் கருவி என்ன நிலைமையில் இருக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. இரண்டு பேஸ்களை இந்த ராமேஸ்வரம் தீவிலேயே வைத்துப் பல வருடங்களாக வாசித்து வருகிறேன். அதனால் அந்தப் பகுதியை நான் எழுதுகிறேன்.

எங்களுடையது தொழில்முறைக் குழு இல்லை. டிரம்ஸ் வாசிக்கும் அண்ணன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். கீபோர்டு, பள்ளி ஆசிரியர். லீட் கிட்டார் வாசிக்கும் தம்பி செல்போன் கடை வைத்திருக்கிறான். படகு போகாத நாளில்தான் பயிற்சி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் டிரம்மர் கரையில் இருப்பார். புதுப் பாட்டுகளை எடுப்பதெல்லாம் அப்போதுதான். ஜூலையில் வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் திருவிழா நெருங்கும்போது சுற்றுவட்டாரத்தில் அழைப்புகள் வர ஆரம்பிக்கும். அதற்குள் எல்லாம் கைக்கு வந்திருக்க வேண்டும்.

வாசிப்பது பலவகை. திருச்சபைப் பாடல்கள், கல்யாண வரவேற்புகளில் எண்பதுகளின் இளையராஜா பாட்டுகள், அப்புறம் சிலோன் பாப். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த பெரியவர்கள் இந்தக் கரையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பைலா எனும் இலங்கை ஆட்டப்பாட்டுத் தாளத்தில் ஒன்றாவது வாசிக்காமல் மேடையை விட்டு இறங்க விடமாட்டார்கள். பைலாவில் பேஸுக்கு இரண்டே இரண்டு சுரம்தான் வரும் போலத் தோன்றும். ஆனால் ஆறு எட்டுத் தாளத்தில் பத்து நிமிடம் வேகம் குறையாமல் அதைத் தாங்கிப் பிடிப்பது கடினமான வேலை. ராஜா பாட்டுகள் நேர் எதிர். அங்கே பேஸ் தனக்கென்று ஒரு மெட்டை வைத்துக்கொண்டு பாடகரோடு சேர்ந்து பாடும். நான் பேஸ் எடுத்ததே அதற்காகத்தான்.

என்னிடம் உள்ளவை இரண்டு. முதலாவது ஐந்து தந்தி, ஆக்டிவ் சர்க்யூட் (பேட்டரியில் ஓடுவது), இரண்டு சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும், ஒற்றைக் கம்பிச்சுருள் கொண்ட காந்தம்). இரண்டாவது நான்கு தந்தி, பாசிவ் (பேட்டரி இல்லாதது), பிரிசிஷன் வடிவம். அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த வடிவம் அது. இப்போது நாம் பார்க்கும் இரண்டாகப் பிளந்த பிக்கப் அதில் 1957இல் வந்தது. கம்பெனிப் பெயர்களை எழுதவில்லை. இந்த இரண்டு வகையையும் பல கம்பெனிகள் எல்லா விலையிலும் செய்கின்றன. நான் சொல்வது வகையைப் பற்றியது.

முதலில் கரண்ட். திருவிழாப் பந்தல்களில் பாதிக்கு மேல் ஜெனரேட்டர்தான். எர்த் ஒழுங்காக இருக்காது. மேடை முழுக்க சீரியல் செட்டு ஓடும். இந்தச் சூழலில் சிங்கிள் காயில் பிக்கப் ஓயாமல் 'உம்ம்' என்று இரையும். இரண்டு பிக்கப்பையும் ஒரே அளவில் திறந்தால் இரைச்சல் அடங்கும், ஒன்றைக் குறைத்தால் உடனே திரும்பி வரும். பிரிசிஷன் பிக்கப்பின் இரண்டு பாதிகளும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றப்பட்டு, காந்தமும் மாற்றி வைக்கப்பட்டிருக்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், தந்தியின் ஒலி மட்டும் தங்கும். ஜெபப் பாடல் நடுவே எல்லோரும் அமைதியாக இருக்கும் இடங்களில் இதன் அருமை தெரியும்.

இதே எர்த் விஷயத்தில் உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றும் இருக்கிறது. பேஸின் தந்திகள் பிரிட்ஜ் (உடலில் தந்திகளைத் தாங்கும் உலோகத் தகடு) வழியாக ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்திருக்கும். மைக் வேறொரு லைனில் இருந்து, இரண்டில் ஒன்றில் எர்த் கோளாறு இருந்தால், தந்தியில் கை வைத்தபடி மைக்கில் உதடு பட்டதும் ஷாக் அடிக்கும். நான் பின்பாட்டும் பாடுகிறவன் என்பதால், மேடை ஏறியதும் தந்தியிலும் மைக்கின் வலையிலும் டெஸ்டர் வைத்துப் பார்ப்பேன். விளக்கு லேசாக எரிந்தாலும் மைக் செட் அண்ணனைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்லாமல் வாசிக்க மாட்டேன். டெஸ்டர் எரியவில்லை என்பதற்காக எல்லாம் சரி என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. எர்த் கம்பி போட்டிருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும். ஈர மணலில் மேடை போட்டிருந்தால் செருப்பைக் கழற்றாதீர்கள்.

ஆக்டிவ் பேஸின் ஒலி அழகு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தனியறையில் வாசித்தால் இன்றைக்கும் அதுதான் பிடிக்கிறது. ஆனால் அதற்கு 9 வோல்ட் பேட்டரி வேண்டும். கேபிளைச் சொருகி வைத்திருக்கும் நேரமெல்லாம், வாசிக்காவிட்டாலும், பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். தீரும்போது ஒலி முதலில் கரகரக்கும், பிறகு கம்மிவிடும். இரவு பதினொரு மணிக்கு இந்தப் பக்கம் எந்தக் கடையில் அந்தச் சதுர பேட்டரி கிடைக்கும்? பாசிவுக்கு மாற்றும் சுவிட்ச் உள்ள மாடலாக இருந்தால் தப்பிக்கலாம். என்னுடையதில் இல்லை. போதாததற்கு உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் வருடத்துக்கு ஒரு முறையாவது பச்சை பூத்துவிடுகிறது. பாசிவ் பேஸுக்குள் இரண்டு பாட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்), ஒரு கெப்பாசிட்டர், ஒரு ஜாக், அவ்வளவுதான். டிவி ரிப்பேர் செய்பவரே பற்றவைத்துக் கொடுத்துவிடுவார்.

ஐந்தாவது தந்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் சுரமான தாழ்ந்த பி ஏறக்குறைய 31 ஹெர்ட்ஸ். நான்கு தந்தி பேஸின் மிகத் தாழ்ந்த சுரமான ஈ 41 ஹெர்ட்ஸ். நம் ஊர் மைக் செட்டுகளில் வரும் 15 அங்குலப் பெட்டிகள் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே வலுவிழந்துவிடும். ஈ தந்தியையே நாம் பெரும்பாலும் அதன் மேல் சுரங்களால்தான் கேட்கிறோம், அடி ஒலியை மூளை சேர்த்துக்கொள்கிறது. பி தந்தியில் அதுவும் மங்கி, வெறும் அதிர்வாகப் போகிறது. நல்ல சப்வூஃபர் வைத்த மேடை கிடைத்தால் வேறு கதை. ஆனால் அந்த மேடைகள் எங்களுக்கு எப்போதாவதுதான். பாடகர் கட்டையை இறக்கச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்பார்கள். நான்கு தந்தியிலும் எல்லாத் தந்திகளும் ஒரே இடைவெளியில் சுருதி சேர்க்கப்பட்டிருப்பதால், விரல் அமைப்பை மாற்றாமல் அப்படியே இரண்டு ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) கீழே நகர்த்தினால் போதும். ஈக்குக் கீழே ஓடும் சில இடங்களை மட்டும் மேலே தூக்கி வாசிக்க வேண்டியிருக்கும். அதைக் கேட்பவர்கள் யாரும் குறையாகச் சொன்னதில்லை.

இப்போது உப்பு. இந்தக் கடற்கரையில் பேஸ் வைத்திருப்பவர் நேரத்தில் கால்வாசி இதற்கே போகும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது நுண்மணலும் உப்பும் சேர்ந்து வரும். ஜன்னலை மூடினாலும் பைக்குள் இருக்கும் கருவி பிசுபிசுக்கும். முதல் பலி தந்திகள். சாதாரண நிக்கல் பூச்சு ரவுண்ட்வவுண்ட் தந்தி, நடுக்கம்பி மேல் இன்னொரு கம்பியைச் சுற்றிச் செய்தது. அந்தச் சுற்றுகளின் இடுக்கில் உப்பும் வியர்வையும் இறங்கிவிட்டால் கணீரென்ற ஒலி போய்விடும். வெளியூர் நண்பர்கள் ஆறு மாதம் ஓட்டும் செட் இங்கே இரண்டு மாதத்தில் செத்துப்போகும். பேஸ் தந்தி சாதாரண கிட்டார் தந்தி மாதிரி மலிவும் இல்லை.

கழற்றித் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்தால் அழுக்கு வெளியேறி ஒலி கொஞ்சம் திரும்பும். நானும் இதை நிறைய செய்திருக்கிறேன். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் வேண்டாம், கேன் தண்ணீரில் செய்யுங்கள். முடிந்ததும் துடைத்து, வெயிலில் முழுக்கக் காயவைத்துத்தான் மாட்ட வேண்டும். இப்படித் திரும்பிய உயிர் ஓரிரு நிகழ்ச்சிக்குத் தாங்கும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. மேலே மெல்லிய பூச்சுப் போட்ட தந்திகள் நன்றாகவே உழைத்தன, விலைதான் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தந்தி துருவுக்கு நன்றாக ஈடுகொடுக்கும். ஆனால் ஃப்ரெட்டை வேகமாகத் தேய்க்கிறது.

கடைசியில் நான் நிலைத்தது ஃப்ளாட்வவுண்ட். பட்டையான நாடாவைச் சுற்றிச் செய்த தந்தி. மேல்பரப்பு வழவழப்பாக இருப்பதால் உப்பு தங்க இடமே குறைவு. மோட்டவுன் எனும் அமெரிக்க நிறுவனத்தின் இசைத்தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் பிரிசிஷன் பேஸில் இந்த வகைத் தந்தியை அறுந்தால் ஒழிய மாற்றாதவர் என்பது பேஸ்காரர்கள் மத்தியில் பிரபலமான செய்தி. என் நான்கு தந்தி பேஸில் மாட்டியிருக்கும் ஃப்ளாட்வவுண்ட் செட் இரண்டு மழைக்காலம் கடந்தும் அப்படியே இருக்கிறது. பளபளப்பான ஒலி வராது, ஸ்லாப் (கட்டைவிரலால் தந்தியை அடித்து) வாசிப்பவர்களுக்கு ஒத்துவராது. பழைய பாட்டுகளுக்கும் திருச்சபைப் பாடல்களுக்கும் அந்த உருண்டையான, கனிந்த ஒலி அவ்வளவு பொருத்தமாக உட்காருகிறது.

தந்திக்கு அடுத்து பிரிட்ஜில் உள்ள குட்டித் திருகாணிகள். தந்தியின் உயரத்தைக் கூட்டிக் குறைப்பது இவைதான். ஒரு முறை துருவேறி இறுகினால் ஆலன் கீ போட்டாலும் முனை வழுக்கிவிடும். புதுக் கருவி வந்த வாரத்திலேயே இவற்றைக் கழற்றி ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் தடவி மாட்டுங்கள். அதே அளவில் ஸ்டெயின்லெஸ் திருகாணி கிடைத்தால் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பாட் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனரை அடித்துப் பலமுறை திருப்பினால் சரியாகும். பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு வைப்பேன். வாசித்து முடித்ததும் தந்தியின் மேல்பக்கத்தோடு அடிப்பக்கத்தையும் பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். இதை நான் எந்த அசதியிலும் விட்டதில்லை.

கழுத்து இன்னொரு கவலை. நான்கு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 80 கிலோ இழுவையைக் கழுத்தில் ஏற்றுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரத்தை உறிஞ்சும், மழை விட்டு வெயில் ஏறினால் விட்டுவிடும். இதனால் கழுத்தின் வளைவு மாறி, ஒரு பருவத்தில் தந்தி உயர்ந்து விரல் வலிக்கும், இன்னொரு பருவத்தில் ஃப்ரெட்டில் பட்டு இரையும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃப்ரெட் பக்கம் இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, அதாவது 0.3 மில்லிமீட்டர் வாக்கில் இருந்தால் போதும். கூடினால் டிரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும், வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) வலப்பக்கம் கால் சுற்று, குறைந்தால் இடப்பக்கம் கால் சுற்று. ஒரு நாள் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கால் சுற்று. என் இரண்டு பேஸிலும் மேப்பிள் கழுத்துதான். அகலமான ஐந்து தந்திக் கழுத்து வருடத்தில் இரண்டு மூன்று முறை இதைக் கேட்கும், நான்கு தந்திக்கு மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று போதுமாக இருக்கிறது.

ஆம்ப் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. வீட்டுக்கு 20 வாட்ஸ் போதும். டிரம்ஸோடு மேடையில் அதை வைத்தால் ஒன்றுமே கேட்காது, பெரிய பேஸ் ஆம்ப்பை ஆட்டோவில் ஏற்றி இறக்குவது எங்களைப் போன்ற குழுவுக்குக் கட்டுப்படியாகாது. அந்தக் காசில் ஒரு நல்ல டிஐ பாக்ஸ் (பேஸின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டி) வாங்கி நேராக மிக்சருக்குக் கொடுங்கள். அதில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் (டிஐக்கும் மிக்சருக்கும் இடையிலான எர்த் இணைப்பைத் துண்டிப்பது) கட்டாயம் இருக்கட்டும், ஆம்ப்பும் சேர்ந்து இணைந்திருக்கும்போது எர்த் சுற்றால் வரும் இரைச்சல் அதில் அடங்கும். திறந்த மைதானத்தில் சுவர் இல்லாததால் அடி ஒலி கலைந்துபோகும். அங்கே பேஸ் குமிழைக் கூட்டாதீர்கள், மிட் எனும் நடு ஒலிகளைக் கொஞ்சம் ஏற்றினால்தான் சுரம் தெளிவாகக் கேட்கும். தகர ஷீட் போட்ட மண்டபங்களில் 100, 200 ஹெர்ட்ஸ் பக்கம் குமுறும், அதைக் குறைக்கச் சொல்லுங்கள். மைக் செட் அண்ணனிடம் வாசிப்பதற்கு முன்பே இதைப் பேசிவிடுவது நல்லது. அவருக்கும் பிடித்துப்போய், அடுத்த முறை நமக்கு ஒரு மானிட்டர் (வாசிப்பவர் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) ஒதுக்கி வைப்பார்.

கனமும் முக்கியம். நான்கு கிலோவைத் தாண்டினால் மூன்று மணி நேர நிகழ்ச்சியில் தோள் விட்டுப்போகும். அகலமான தோல் பட்டை போடுங்கள். தந்தி அதிரும் நீளம் 34 அங்குலம்தான் வழக்கம். கை சின்னதாக இருக்கும் பிள்ளைகளுக்கு 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் தாராளமாக வாங்கித் தரலாம்.

விலைக்கு வருவோம். ரூ.15,000 முதல் ரூ.20,000 கையில் இருந்தால், பாசிவ் பிரிசிஷன் வடிவத்தில் சாதாரணமான ஒன்றை எடுங்கள். பிரிசிஷன் பிக்கப்போடு ஜாஸ் பிக்கப்பும் (சிங்கிள் காயில் வகை) சேர்ந்த மாடல்களும் இந்த விலையில் கிடைக்கும், அதுவும் நல்ல தேர்வுதான். மொத்தப் பணத்தையும் கருவியில் போடாமல், ஒரு செட் ஃப்ளாட்வவுண்ட், டிஐ பாக்ஸ், தடித்த பஞ்சு வைத்த பை ஆகியவற்றுக்கு ஒதுக்கி வையுங்கள். முடிந்தால் பஸ் ஏறி மதுரைக்குப் போய்க் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள்.

பழையது வாங்குவதாக இருந்தால் இன்னும் கவனம். தலைப்பக்கத்திலிருந்து கழுத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்து முறுக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் வாசியுங்கள். டிரஸ் ராடு நட்டு இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்று விற்பவர் முன்னாலேயே பார்த்துவிடுங்கள், கடலோரத்தில் இருந்து வந்த கருவி என்றால் அது இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். பின்பக்க மூடியின் திருகாணித் தலைகள் துருப்பிடித்திருந்தால் உள்ளேயும் அதே நிலைமைதான், திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அந்தப் பேஸ் வேண்டாம்.