பிலிப்ஸ் ஹார்ட்ஸ்டார்ட் எஃப்ஆர்எக்ஸ்: கல்யாண மண்டபத்துக்குச் சரிவருமா?

இதயம் திடீரென்று நின்றவருக்கு ஷாக் (மின் அதிர்ச்சி) கொடுக்கும் மெஷின்தான் ஏ.இ.டி.; எஃப்ஆர்எக்ஸ் அதில் ஒரு மாடல். ஏ.இ.டி. வாங்குபவர்கள் விலையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கும்பகோணம், மயிலாடுதுறை மாதிரி ஆற்றங்கரை ஊர்களில் அதற்கு முன் ஈரத்தைப் பார்க்க வேண்டும். இதே கம்பெனியின் இன்னொரு மாடலான எச்எஸ்1 ஐபி21 தரம் (ஐபி என்பது தூசி, தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்ற அளவு), சொட்டும் தண்ணீரைத்தான் தாங்கும். எஃப்ஆர்எக்ஸ் ஐபி55; பீச்சியடித்தாலும் தாங்கும். எச்எஸ்1-ஐ 10 முதல் 43 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறார்கள், எஃப்ஆர்எக்ஸை 50 டிகிரி வரை வைக்கலாம். தகர ஷீட் கூரைக்குக் கீழே சித்திரை மாதத்தில் இந்த வித்தியாசம் தெரியும். எடை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

பச்சைப் பொத்தானை அமுக்கினால் குரல் பேசும். ஷாக் பாய நெஞ்சில் ஒட்டும் பேடு இரண்டு: ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே விலாவில். சொதப்புவது இங்கேதான். கல்யாண வீட்டு நெஞ்சில் சந்தனம், திருநீறு, எண்ணெய், வியர்வை எல்லாம் இருக்கும், பேடு ஒட்டாது. தோள் துண்டாலேயே அழுத்தித் துடைக்கவும். முடி அடர்த்தியென்றால் மழிக்க வேண்டும், அதனால் ரேசர், கத்தரிக்கோல், முகமூடி உள்ள கிட்டையும் சேர்த்தே வாங்குங்கள். பூணூல், செயின் பேடுக்கு அடியில் சிக்கக் கூடாது.

படித்துறையில் மூழ்கி மூச்சில்லாமல் மீட்கப்பட்டவருக்கு முதலில் வாயோடு வாய் மூச்சு, பிறகு நெஞ்சமுக்கு; பேடு ஒட்டுமிடத்தைத் துடைத்தால் போதும்.

குறை: திரை கிடையாது, எல்லாம் குரல்தான். மேளத்தை நிறுத்தாமல் ஒன்றும் காதில் விழாது. குரல் எந்த மொழியில் வரும் என்றும் வாங்கும்போதே கேளுங்கள். 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான சாவியைத் தனியாக வாங்க வேண்டும். அதைச் செருகினால் ஷாக் 150 ஜூலிலிருந்து 50-க்கு இறங்கும். சாவி இல்லையே என்று காத்திருக்காமல் பெரியவர் அளவிலேயே கொடுக்கலாம்.

மெஷின் வரும்வரை சும்மா நிற்கக் கூடாது. நெஞ்சமுக்கு இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. இதயம் நின்றவருக்கு முதலில் உடம்பு வெட்டி இழுக்கலாம், விட்டுவிட்டு ஏங்கி மூச்சும் வரலாம். வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். அந்த நேரத்தில் 108-ஐ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, தரையில் கிடத்தி நெஞ்சை 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்க வேண்டும். நீல 'ஐ' பொத்தானைத் தட்டினால் மெஷினே சொல்லிக்கொடுக்கும். மெஷின் ஆராயும்போதும் ஷாக்கின்போதும் யாரும் தொடக் கூடாது. ஷாக் முடிந்ததும் உடனே திரும்ப அமுக்கு.

பேட்டரி 4 வருஷம், பேடு 2 வருஷம். பயன்படுத்திய பேடு திரும்ப உதவாது. மேனேஜர் ரூம் பீரோவில் பூட்டுவதானால் வாங்கவே வேண்டாம். தினமும் அங்கே இருப்பவர் வாட்ச்மேன்தான். பச்சை விளக்கு மினுங்குகிறதா என்று பார்க்கும் வேலையை அவரிடம் விடுங்கள்.