தண்டையார்பேட்டை பிரேக் பட்டறை: ஏபிஎஸ் வேலைக்கு நம்பிப் போகலாம்

ஏபிஎஸ் (அழுத்தி பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரிந்தால் உடனே அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியான 'மாட்யூல் போச்சு' என்று இங்கே சொல்வதில்லை. வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, வண்டியை ஓட்டி, நான்கு சக்கரத்தின் வேகத்தையும் பார்க்கிறார்கள். எது பூஜ்யம் காட்டுகிறதோ, அங்கேதான் கை வைக்கிறார்கள். கடலோர உப்புக் காற்றும் தேங்கிய மழைத் தண்ணீரும் சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரின் கனெக்டரில் பச்சை பிடிக்க வைக்கும், அந்த சென்சார் படிக்கும் பல் வளையமான டோன் ரிங்கைத் துருவேற்றும். பல வண்டிகளுக்குச் சுத்தம் செய்தாலே விளக்கு அணைந்துவிடும். பழைய காந்த சென்சாருக்கு மட்டுமே ஓம் அளவு (மின்தடை) எடுக்கிறார்கள். மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் ஆக்டிவ் சென்சாரில் அந்த அளவு எதையும் சொல்லாது, அது தெரிந்த கை இது.

பிரேக் ஆயில், வண்டியில் அதை ஊற்றும் தொட்டியின் மூடியில் போட்டிருக்கும் கிரேடுதான், சீல் உடைக்காத டப்பா. மாட்யூலில் காற்று புகுந்திருந்தால் ஸ்கேனரிலேயே பம்பை ஓடவிட்டுக் காற்று எடுக்கிறார்கள். இல்லாவிட்டால் பெடல் பஞ்சாக அமுங்கும். சனிக்கிழமை கூட்டம் அதிகம், சொல்லிவிட்டுப் போங்கள்.