நிஜம் போலத் தோன்றுவது எதனால்: விவரமா, உள் ஒழுங்கா?

கதையை நம்பவைக்க எழுத்தாளர்கள் விவரங்களைக் குவிக்கலாம். 1719-இல் வந்த 'ராபின்சன் குரூசோ'வின் முகப்பில் அதை எழுதிய டேனியல் டீஃபோவின் பெயரே கிடையாது. கதாநாயகன் குரூசோவே எழுதியது என்றுதான் இருந்தது. உள்ளே தேதிகள், நாட்குறிப்பு, உடைந்த கப்பலிலிருந்து மீட்ட சாமான்களின் பட்டியல். இத்தனை கணக்கு வைத்திருப்பவர் பொய் சொல்லமாட்டார் என்று மனம் தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேரின் கதையொன்றில் பியானோவுக்கு மேலே ஒரு காற்றழுத்தமானி இருக்கும். கதையில் அதற்கு வேலையே இல்லை. 'இது நிஜம்' என்று சொல்வதே அதன் வேலை என்றார் பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த், 1968-இல்.

அப்புறம் உள் ஒழுங்கு, அதாவது கதைக்குள் நடப்பவை ஒன்றோடொன்று பொருந்திவருவது. 1915-இல் வெளியான காஃப்காவின் 'உருமாற்றம்' கதையில் ஒருவன் பூச்சியாகக் கண்விழிக்கிறான். அவனுக்கோ ரயிலைத் தவறவிட்ட கவலை, முதலாளியின் கோபம், பெற்றோரின் கடன். அந்தக் கவலைகள் நமக்குத் தெரிந்தவை, அதனால் பூச்சியையும் ஏற்றுக்கொள்கிறோம். நடக்கக்கூடியதாக இருந்தும் நம்பமுடியாததைவிட, நடக்கவே முடியாவிட்டாலும் நம்பும்படி இருப்பதே மேல் என்று அரிஸ்டாட்டில் அன்றே சொல்லிவிட்டார்.

என் தேர்வு இரண்டாவதுதான். விவரம் தேவைதான், சரி. ஆனால் ஒரு பாத்திரம் தன் குணத்துக்கு ஒட்டாத முடிவை எடுத்துவிட்டால் எத்தனை தேதிகளைச் சேர்த்தாலும் கதை நிமிராது. 'இது உண்மையிலேயே நடந்தது' என்று ஆசிரியர் சொன்னாலும் அந்த இடத்தில் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.