லூஸ் அத்திப்பழம் வாங்குறவங்க படிங்க, கடைக்கு 1 ஸ்டார்

கடை பேர போடல, லேப் ரிப்போர்ட் இன்னும் வரல, அதுவரைக்கும் பேர சொல்றது சரியில்ல. ஆனா மார்க்கெட்ல லூஸா ட்ரை ஃப்ரூட்ஸ் வாங்குற எல்லாருக்கும் இது தெரியணும்.

விலை கம்மிதான், அதனாலயே எப்பவும் கூட்டம். பேரீச்சம்பழம் பரவால்ல, கிஸ்மிஸ் சுமார். அத்திப்பழம்தான் மோசம், கயித்துல கோர்த்து மாலையா தொங்குமே அந்த ஆப்கான் அத்தி, வெளிய பாக்க நல்லாதான் இருக்கு, வீட்ல வந்து பிச்சு பாத்தா உள்ள கரி மாதிரி பூஞ்சை, சிலதுல புழு உயிரோட நெளியுது. பாக்கெட் இல்ல, லேபிள் இல்ல, தேதியும் இல்ல. திரும்பக் கொண்டுபோய் காட்டுனா "கழுவிட்டு ஊறவச்சு சாப்பிடுங்கக்கா, ஒண்ணும் ஆகாது"ங்குறாங்க. கர்ப்பமா இருக்கறவங்களுக்கும் கொழந்தைங்களுக்கும் சத்துன்னு வாங்கிட்டுப் போற பொருள் இது, எவ்ளோ ஈசியா சொல்றாங்க பாருங்க! அத்தில வர்ற சில பூஞ்சை அஃப்ளடாக்சின்னு ஒரு விஷத்த உண்டாக்கும், ஈரல கெடுக்கும், கேன்சர் வரைக்கும் கொண்டு போகும், கழுவுனா போகாது, வேகவச்சாலும் முழுசா போகாது. நல்லா இருக்குற மாதிரி தெரியுற பழத்துலயும் இருக்கலாம், லேப்ல பாத்தாதான் தெரியும்.

பில்லையும் போட்டோவையும் வச்சு உணவு பாதுகாப்பு துறைக்கு கம்ப்ளெயின்ட் அனுப்புனேன், ஆபீசருங்க வந்தாங்க, அவங்க வேலை பண்ண விதம் ரொம்ப புடிச்சிருந்துச்சு. சாம்பிள சும்மா எடுக்கல, கடை விலைக்கே காசு குடுத்து எடுத்தாங்க. அத நாலு பங்காக்கி சீல் வச்சாங்க, ஒண்ணு டெஸ்ட் பண்ற உணவு அனலிஸ்டுக்கு, ரெண்டு அந்த ஆபீசருங்களுக்கு மேல இருக்குற நியமன அலுவலர்கிட்ட, இன்னொண்ணு கடைக்காரர் கேட்டா அங்கீகாரம் உள்ள வேற லேபுக்கு. மிச்ச மூட்டை எல்லாம் 2006 உணவு பாதுகாப்பு சட்டம் 38வது பிரிவுல பறிமுதல். ரிப்போர்ட் 14 நாள்ல வரணும், தப்புன்னு வந்தா கடைக்காரர் 30 நாளுக்குள்ள அப்பீல் போகலாம். யாரையும் மிரட்டல, எல்லாம் எழுத்துல நடந்துச்சு.

இன்னொரு விஷயம், அதே சட்டத்துல 40வது பிரிவுப்படி நாமளே ஃபீஸ் கட்டி டெஸ்ட் பண்ணலாம், ஆனா வாங்கும்போதே கடைக்காரர்கிட்ட சொல்லிடணும், பொருள் தப்புன்னு வந்தா கட்டுன காசு திரும்பக் கிடைக்கும்.

பறிமுதல் ஆனதுக்கப்புறமும் கடைல ஒரு போர்டு கூட வைக்கல, முன்னாடியே வாங்கிட்டுப் போனவங்களுக்கு யார் சொல்லுவா? அதுக்குத்தான் அந்த ஒரு ஸ்டாரோட நிறுத்துறேன். லூஸ் அத்தி வீட்ல இருந்தா ஒண்ணொண்ணா பிச்சுப் பாருங்க, கெட்டுப்போனது ஒண்ணு கெடச்சாலும் மிச்சத்த சாப்பிடாதீங்க, பில்லோட எடுத்து வச்சு கம்ப்ளெயின்ட் குடுங்க. இனிமே வாங்குனா 14 இலக்க உணவு பாதுகாப்பு லைசென்ஸ் நம்பரும் தேதியும் இருக்குற பாக்கெட்டா பாத்து வாங்குங்க.