பாய்ப்படகுக்கு ஏணி: நூலேணியா, கொழுவியா, பூட்டினதா?

யாழ்ப்பாணத்து ஊர்காவற்துறைக் கால்வாயில் நங்கூரம் போட்டுவிட்டுக் குளிக்கக் குதித்தேன். படகில் வேறு ஒருவரும் இல்லை. திரும்ப ஏறப் போனபோதுதான் விஷயம் விளங்கியது. கை விளிம்பைப் பிடித்துவிட்டது, உடம்பு மேலே வரவில்லை. எம்ப எம்பக் கால் இரண்டும் படகின் வயிற்றுக்குக் கீழே போய்விடுகின்றன, நெஞ்சு பைபரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மண்டைதீவுப் பக்கம் என்றால் பல இடங்களில் எழும்பி நின்றுவிடலாம், இங்கே நிலை இல்லை. கடைசியில் பின்னால் நீந்திப்போய், நிப்பாட்டியிருந்த இஞ்சினின் சுழலிக்கு மேலே இருக்கும் தட்டில் மிதித்து ஏறினேன். முழங்காலுக்குக் கீழே உரிந்த தோல் ஆற இரண்டு கிழமை எடுத்தது.

கரையில் சொன்னபோது வலை பொத்திக்கொண்டிருந்த அண்ணை சிரித்தார். "கடலட்டைக்குச் சுழியோடுற பெடியள் ஒரு உதை உதைச்சு உள்ளுக்கு விழுறாங்கள். உமக்கு ஏணி கேக்குதோ?" அவர் சொன்னது பிழையில்லை. ஆனால் அந்தப் பெடியளின் காலில் செட்டை இருக்கிறது, மேலே கை கொடுக்க இன்னொருவன் இருக்கிறான், மீன்பிடிப் படகின் விளிம்பும் தாழ்வு. என்னுடையது 22 அடிப் பாய்ப்படகு. விளிம்பு தண்ணீரிலிருந்து இரண்டரை அடி உயரம். ஆகவே எந்த ஏணியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்டது ஒன்றைத்தான்: தண்ணீருக்குள் தனியாக இருக்கிறவன் இதைத் தானே இறக்கி ஏறுவானா?

நூலேணி அந்தக் கேள்வியிலேயே தோற்றுவிடுகிறது. மலிவு, பைக்குள் சுருட்டி வைக்கலாம், துளை போடத் தேவையில்லை, எல்லாம் உண்மை. ஆனால் சுருட்டி உள்ளே வைத்த ஏணி, கடலில் விழுந்தவனுக்கு வீட்டில் இருக்கும் ஏணி மாதிரித்தான். தொங்கவிட்டிருந்தாலும் கதை முடியவில்லை. மிதித்தவுடன் கீழ்ப்படி படகுக்கு அடியில் ஓடும், மல்லாந்துகொண்டு தொங்குவீர்கள். கீழ்ப்படியில் பாரம் கட்டி, பக்கவாட்டில் போடாமல் செங்குத்தான பின்பலகையில் போட்டால் கொஞ்சம் அடங்கும். இரண்டாவது ஏணியாக ஒன்று கிடக்கட்டும், அவ்வளவுதான்.

கொழுவி ஏணி என்பது விளிம்பில் மாட்டிவிடும் அலுமினிய ஏணி. பக்கவாட்டில் மாட்டுவதால், பின்பலகை அலையில் தூக்கித் தூக்கி அடிக்கிற நேரம் இது நல்லது. நல்லது அதோடு சரி. கொக்கியின் அகலமும் விளிம்பின் அகலமும் பொருந்த வேண்டும், பைபரின் மேல்பூச்சான ஜெல்கோட்டைச் சுரண்டும், சோளகக் காற்றில் படகு உருளும்போது கழன்று தாண்டு போகும். இதையும் யாராவது உள்ளே நின்று மாட்டித்தர வேண்டும்.

மிச்சம், பூட்டின ஏணியில் இரண்டு வகை: பின்பலகையில் பூட்டும் மடக்கு ஏணி, ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் இழுப்பு ஏணி. இழுப்பு ஏணி பார்க்க வடிவு, இடமும் எடுக்காது. ஆனால் எங்கள் களப்பு மணலும் சேறும் அந்தக் குழாய்களுக்குள் போனால் சிக்கிவிடும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், மூடும்போது விரல் நசியும். தீவுப்பகுதியில் நல்ல தண்ணீர் விற்கிற விலைக்கு ஏணி கழுவுவதா?

நான் மடக்கு ஏணிக்குப் போனேன். நான்கு படி. சுக்கான் நடுவிலும் இஞ்சின் இடப்பக்கமும் இருப்பதால் வலப்பக்கம்தான் இடம். இறக்கினால் எவ்வளவு ஆழம் போகிறது என்பதைக் கட்டாயம் அளந்து பாருங்கள். அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏபிவைசி, கடைசிப் படி நீர்மட்டத்துக்குக் கீழே குறைந்தது 22 அங்குலம் இருக்க வேண்டும் என்கிறது. கடையில் அழகாக இருக்கும் மூன்றுபடி ஏணிகள் பல இதற்கு எட்டாது. படி மேலே நின்றால் முழங்காலை நெஞ்சுவரை மடக்க வேண்டும், களைத்தவனால் அது முடியாது.

ஸ்ரீல் விஷயத்தில் வாய் திறந்து கேளுங்கள். மாடிப்படிக் கைபிடி செய்யும் அதே குழாயில் ஒருவர் எனக்குப் பாதி விலைக்கு ஒட்டித்தருவதாகச் சொன்னார். அது 304 ரக ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல். கடலுக்கு 316 வேண்டும். அதில் 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் இருக்கிறது, உப்புக்கு நின்றுபிடிப்பது அதனால்தான். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. 316 என்றாலும் இறக்கியபடி தண்ணீருக்குள்ளேயே விட்டுவைத்தால் சிப்பி ஒட்டும், இடுக்குகளில் அரிக்கும்.

இனித் துளை. பூட்டின ஏணியை வேண்டாம் என்பவர்கள் பயப்படுவது இதற்குத்தான், பயத்தில் நியாயமும் உண்டு. பழைய சொந்தக்காரர் பின்பலகையில் ஒரு வளையத்தை மர ஆணியும் சிலிக்கோனும் வைத்து இறுக்கியிருந்தார். அதைக் கழற்றியபோது துளையிலிருந்து சாயத்தண்ணி நிறத்தில் ஒழுகியது. இரண்டு பைபர் தோலுக்கு நடுவே இருந்த பிளைவூட் ஊறியிருந்தது. ஸ்குறூ டிரைவரை விட்டால் ஊறவைத்த பாணுக்குள் போவது போலப் போனது. உக்கினதைச் சுரண்டி எடுத்து, காயவைத்து, நிரப்பவே ஒரு கிழமை போனது.

ஆகவே ஏணியைப் பூட்டும் 8 மில்லிமீற்றர் போல்ட் ஆணிக்கு 8 மில்லிமீற்றர் துளையே போட்டு விடாதீர்கள். முதலில் 14இல் துளைத்து, தடிப்பாக்கிய எபொக்சியால் அடைத்து, நன்றாக இறுகிய பிறகு அதன் நடுவில் 8இல் துளையுங்கள். பிறகு தண்ணீர் வந்தாலும் மரத்தைத் தொடாது. காரைநகரில் சீநோர் படகுத் தொழிற்சாலை இருந்த காலத்திலிருந்து பைபர் வேலை தெரிந்த கைகள் இங்கே உண்டு, பொலியெஸ்டர் ரெசினும் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் மரத்தோடு பிடிப்பதற்கு எபொக்சிதான் சரி. துளையின் வாயைக் கொஞ்சம் சரித்து விட்டால் ஜெல்கோட் வெடிக்காது, தண்ணீர் புகாமல் அடைக்கும் பசையும் ஆணியைச் சுற்றி வளையம்போல் உட்காரும். பசைக்கு பியூட்டில் நாடா அல்லது பொலியூரித்தேன். சிலிக்கோன் வேண்டவே வேண்டாம், அது பட்ட இடத்தில் பிறகு பெயின்றும் ஒட்டாது.

உள்பக்கம் வெறும் வாசரோடு விடவும் கூடாது. 80 கிலோ ஆள் தொங்கும்போது மேல் ஆணிகள் வெளியே இழுபடும், கீழே ஏணியின் பாதங்கள் பலகையை உள்ளே தள்ளும். நான் உள்ளங்கை அகலத்தில் பைபர் தட்டு வெட்டி மேல் ஆணிகளுக்குப் பின்னால் வைத்தேன். பாதம் முட்டும் இடத்தில் உள்ளே இரண்டு படை பைபர் விரிப்பும் ஒட்டினேன்.

மடித்த ஏணி தானாக விழாமலிருக்க ஒரு கட்டுக் கயிறு வேண்டும். அதை இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போட்டு, நுனியைத் தண்ணீரிலிருந்து கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிட்டேன். போன ஞாயிறு மச்சானை மேலே இருத்தி, "கை தராதை, பார்த்துக்கொண்டிரு" என்று சொல்லிவிட்டுக் குதித்தேன். ஒரே இழுவையில் ஏணி வந்தது, நேரே நெற்றிக்கு. இப்போது கயிற்றை ஒரு முழம் பக்கவாட்டில் தள்ளிக் கட்டியிருக்கிறேன்.