ஓவியக் கல்லூரில சேர்றீங்களா, கேம்லின் டிராயிங் பென்சிலே போதும்

1850ல ஆரம்பிச்ச, எக்மோர்ல இருக்கற நம்ம கவின்கலைக் கல்லூரில இந்த வருஷம் சேர்ற தம்பி தங்கச்சிங்களுக்கு சொல்றேன், எடுத்தவுடனே காச கொட்டி ஃபாரின் செட் வாங்காதீங்க. கேம்லின் டிராயிங் பென்சில் தாராளமா போதும். கொஞ்சம் மென்மையான 2பி அவுட்லைனுக்கு, இன்னும் மென்மையா கருப்பா இருக்கற 6பி நிழலுக்கு, கருப்பு நல்லா அழுத்தமா விழுது, விரலால தேய்ச்சா சாஃப்டா பரவுது, ஆனா 6பி கை பட்டாலே ஈஷிக்கும் அதனால உள்ளங்கைக்கு கீழ ஒரு வெத்து பேப்பர் வெச்சுக்கோங்க. ஷார்ப்னர் வேணாம்! பிளேடுல முனைய நீளமா சீவுங்க, அப்பதான் பென்சில சாய்ச்சு புடிச்சு அகலமா ஷேட் போட முடியும். மிச்சமாகற காசுக்கு கார்ட்ரிட்ஜ் பேப்பர், அதாவது வரையறதுக்கான தடிமனான பேப்பர், நிறைய வாங்குங்க, பக்கத்துலயே ஸ்டேஷன் இருக்கு, ட்ரெயினுக்கு காத்திருக்கறவங்கள தினமும் வரைங்க.